பாகங்கள் வாங்கி எலெக்ட்ரிக் கிட்டார் கட்டுவது: எதற்கு அப்புறம் எது

என் முதல் கிட்டாருக்கு நான் முதலில் வாங்கியது பளபளவென்று ஒரு செட் ட்யூனர், அதாவது தந்தியை முறுக்கும் சாவிகள். பிறகு கையில் கிடைத்த நெக்கில் (கிட்டாரின் கழுத்து) துளைகள் அவற்றைவிடப் பெரியவை. ஆறு ட்யூனரும் பல் ஆடுவதுபோல ஆடின. அதற்கு அடாப்டர் புஷ் (துளையைச் சிறிதாக்கும் வளையம்) வாங்கினேன். அந்தப் பாடிக்கு (கிட்டாரின் உடல்) பொருந்தாத பிரிட்ஜ் (பாடியில் தந்திகளைத் தாங்கும் பாகம்) ஒன்று இன்னும் டிராயரில் கிடக்கிறது. இரண்டு முறை வாங்கியதையெல்லாம் கூட்டினால் ஒரு நல்ல பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்குறியாக்கும் காந்தச் சுருள்) வந்திருக்கும்.

அதற்குப் பிறகு சிலர் கட்டுவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கைத்திறன் இல்லாமல் தடுமாறியவர்கள் குறைவு, வரிசை தப்பித் தடுமாறியவர்களே அதிகம். அதனால் கீழே உள்ளதை முன்பின்னாக மாற்றாமல் செய்யுங்கள்.

போல்ட்-ஆன் நெக்கும், ஸ்ட்ராட்டோகாஸ்டர் அல்லது டெலிகாஸ்டர் வடிவப் பாடியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் நெக் கையோடு வந்துவிடும் என்பதால் தவறு செய்தாலும் திரும்பிப் போகலாம். பசை போட்டு ஒட்டும் நெக்கில் கோணம் தப்பினால் அவ்வளவுதான்.

1. நெக்கையும் பாடியையும் ஜோடியாக முடிவு செய்யுங்கள்

மற்ற எல்லா அளவும் இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது. இவை உறுதியாகும்வரை வேறு எதையும் வாங்க வேண்டாம்.

முதலில் ஸ்கேல் நீளம். நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் பள்ளத்துண்டு) முன்விளிம்பிலிருந்து 12ஆம் ஃப்ரெட் (விரல்பலகையின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) வரை அளந்து இரட்டித்தால் வருவது. ஃபெண்டர் வகையில் 648 மி.மீ., அதாவது 25.5 அங்குலம். கிப்சன் வகையில் சுமார் 628 மி.மீ., அதாவது 24.75 அங்குலம். ஃப்ரெட்களின் இடைவெளி இந்த நீளத்துக்கென்றே கணக்கிட்டு வெட்டியது. எனவே பிரிட்ஜ் எங்கே உட்கார வேண்டும் என்பதை நெக்தான் சொல்கிறது. பாடியில் பிரிட்ஜ் துளைகள் ஏற்கெனவே இருந்தால், அவை எந்த ஸ்கேலுக்குப் போட்டவை என்று கேட்காமல் வாங்காதீர்கள். 648 மி.மீ. பாடியில் அப்படியே போடுவதற்கென்றே 24.75 அங்குல 'கன்வர்ஷன்' நெக் கிடைக்கிறது. அந்தப் பெயர் இல்லாத குட்டை நெக்கைப் பொருத்தினால் சுருதி ஒருநாளும் நிற்காது.

அடுத்தது நெக்கின் அடிப்பகுதி. வழக்கமான அகலம் 56 மி.மீ., அது இறங்கும் பாக்கெட்டின் ஆழம் ஏறத்தாழ 16 மி.மீ. ஸ்ட்ராட் நெக்கின் அடி வளைந்திருக்கும், டெலி நெக்கின் அடி சதுரமாக இருக்கும். ஸ்ட்ராட் நெக் டெலி பாக்கெட்டில் மூலைகளில் இடைவெளி விட்டு உட்காரும். டெலி நெக் ஸ்ட்ராட் பாக்கெட்டில் மரத்தைக் குடையாமல் உட்காராது.

2. பணத்தை எதில் போடுவது

நெக்கில் போடுங்கள். கை தொடுவது அதைத்தான். ஃப்ரெட் மட்டமில்லாத, முறுக்கிய நெக்கை வேறு எந்த நல்ல பாகமும் காப்பாற்றாது. ட்யூனர், பிக்கப், பிரிட்ஜ் எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம்.

பாடி மரத்துக்கு அதிகம் கொடுக்காதீர்கள். பாஸ்வுட், பாப்லர், ஆல்டர் எதுவானாலும் முதல் கிட்டாருக்குப் போதும். எடையை மட்டும் பாருங்கள். பாடி மிக லேசாக, ட்யூனர்கள் கனமாக இருந்தால் தோளில் மாட்டியதும் தலைப்பகுதி தரையை நோக்கிச் சாயும். பழைய, உடைந்த கிட்டாரின் பாடி கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் துளைகளெல்லாம் ஏற்கெனவே சரியான இடத்தில் இருக்கும்.

வயரிங் பயமாக இருந்தால் பிக்கப், ஸ்விட்ச் எல்லாம் சாலிடர் செய்தே வரும் பிக்கார்ட் (பாடியின் முகப்பில் பொருத்தும் தகடு) வாங்குங்கள். தனித்தனியாக வாங்கும் பாகங்களைவிட அது பல நேரம் மலிவு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

3. வாங்கும் முன் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு காகிதத்தில் நெக், பாடி அளவுகளை எழுதி வைத்து, ஒவ்வொரு பாகத்தையும் அதனோடு ஒப்பிட்டபின் வாங்குங்கள். புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை.

ட்யூனர் துளை: பழைய பாணி நெக்கில் 8.7 மி.மீ. சுற்றளவில் அல்ல, விட்டத்தில். நவீன நெக்கில் 10 மி.மீ. சிறு துளையைப் பெரிதாக்கலாம், ஆனால் கை ட்ரிலைக் கொண்டு செய்தால் மரம் பிளக்கும். பெரிய துளையில் சிறு ட்யூனர் போட அடாப்டர் புஷ் தேவை.

பிரிட்ஜ்: ஆறு ஸ்க்ரூ வகையா, இரண்டு தூண் வகையா என்பது முதல் கேள்வி. துளைகளின் இடைவெளியை வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். ஒரே போலத் தோன்றும் இரண்டு பிரிட்ஜ்களில் இது ஓரிரு மில்லிமீட்டர் மாறும். ட்ரெமலோ (கைப்பிடியால் அசைக்கும் ஸ்பிரிங் பிரிட்ஜ்) என்றால் பாடியின் தடிமனையும் பாருங்கள். வழக்கமான 45 மி.மீ. பாடிக்கான உலோகக் கட்டை, 40 மி.மீ. பாடியின் பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும்.

ட்யூன்-ஓ-மேட்டிக் வகை பிரிட்ஜைத் தட்டையான பாக்கெட் உள்ள பாடியில் போடும் ஆசை பலருக்கு வருகிறது. அது உயரமானது. நெக் பின்னோக்கிச் சாய்ந்திருந்தால்தான் சரிவரும். சாய்வில்லாத பாடியில் தந்திகள் ஃப்ரெட்டுக்கு மேலே அந்தரத்தில் தொங்கும்.

வால்யூம் பாட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு மின்தடை): மரையிட்ட கழுத்தின் விட்டம் 9.5 மி.மீ. உள்ளவையும் உண்டு, அதைவிடச் சிறிய மெட்ரிக் வகையும் உண்டு. கழுத்து பிக்கார்ட் துளைக்கும், தண்டு மேலே மாட்டும் குமிழுக்கும் பொருந்த வேண்டும். ஒரே சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம், இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம். மாற்றிப் போட்டாலும் எதுவும் எரியாது. 250இல் ஹம்பக்கர் மங்கும், 500இல் சிங்கிள் காயில் கூர்மையாகிக் காதைக் குத்தும்.

பிக்கார்ட்: ஸ்ட்ராட்டுக்கு 8 துளை, 11 துளை என்று இரண்டு வகை. பழைய பாடியை எடுத்தவர்கள் இதை எண்ணிப் பார்க்க மறக்கிறார்கள்.

4. கையில் இருக்க வேண்டியவை

வெர்னியர், நேரான இரும்பு ஸ்கேல், நட்சத்திரத் திருப்புளி, ட்ரில், 1.5 முதல் 5 மி.மீ. வரை பிட்கள், 40 முதல் 60 வாட் சாலிடரிங் அயர்ன், ரோசின் உள்ளே வைத்த மெல்லிய ஈயம் (சாலிடர் கம்பி), மல்டிமீட்டர், மாஸ்கிங் டேப், கிளாம்ப் இரண்டு, உப்புத்தாள், ஒரு மெழுகுவர்த்தி.

குழாய் வேலைக்கு விற்கும் ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டவே வேண்டாம். அது மின் இணைப்புகளை மெல்ல அரித்துவிடும். மரத்தூளுக்கு முகக்கவசம் போடுங்கள். காரீயம் கலந்த ஈயமாக இருந்தால் வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

மெழுகுவர்த்தி எதற்கு என்றால், ஸ்க்ரூவின் மரையில் தேய்ப்பதற்கு. மேப்பிள் போன்ற கடின மரத்தில் ட்யூனரின் குட்டி ஸ்க்ரூ பாதியிலேயே தலை அறுந்து நின்றுவிடும், மீதியை வெளியே எடுப்பது பெரும்பாடு. மெழுகு தேய்த்து, சரியான அளவு துளை போட்டால் அது வழுக்கிக்கொண்டு இறங்கும். துளையின் அளவு என்ன என்று குழப்பமா? மரைகளை விட்டுவிட்டு நடுத்தண்டின் பருமனை மட்டும் அளங்கள். அந்த அளவு பிட் போதும்.

5. வர்ணம் பூசுமுன் ஒருமுறை முழுதாகக் கட்டுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். கையில் மரம் வந்ததும் வர்ணம் அடிக்கத் தோன்றும். வர்ணம் அடித்த பிறகு துளை தப்பியது தெரிந்தால் அடைத்து, தேய்த்து, மறுபடி அடிக்க வேண்டும். வெறும் மரமாக இருக்கும்போது அதே தவறு ஒரு மரக்குச்சியும் பசையும் செய்யும் வேலை.

முதலில் நெக்கைப் பாக்கெட்டில் இறக்குங்கள். கையால் அழுத்தினால் இறங்கி, பக்கவாட்டில் ஆடாமல் நிற்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் பாக்கெட்டின் பக்கச் சுவரை உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள். நெக்கைத் தேய்க்காதீர்கள், தேய்த்த அளவு வெளியே தெரியும். அடிமட்டத்தில் மரத்தூளோ பசைத் துளியோ இருந்தால் நெக் கோணலாக உட்காரும். அதைச் சுரண்டி எடுங்கள்.

இப்போது ஸ்க்ரூ போடாமல் நெக்கைக் கிளாம்பில் பிடியுங்கள். நட்டின் இரண்டு ஓரத் தந்திப் பள்ளங்களிலிருந்து பிரிட்ஜின் இரண்டு ஓர சாடில் (ஒவ்வொரு தந்தியும் உட்காரும் நகரும் துண்டு) வரை தையல் நூல் இரண்டை இழுத்துக் கட்டுங்கள். விரல்பலகையின் இரு விளிம்புக்கும் நூலுக்கும் இடையே உள்ள தூரம் கடைசி ஃப்ரெட் வரை இரு பக்கமும் சமமாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் குறைந்தால் அந்தப் பக்கத் தந்தி வாசிக்கும்போது விளிம்பிலிருந்து நழுவி விழும். நெக்கை மெல்ல அசைத்துச் சரிசெய்யுங்கள். பத்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் துளை போட்ட ஒரு கிட்டாரில் மெல்லிய ஈ (E) தந்தியைக் கொஞ்சம் இழுத்தாலே ஃப்ரெட்டை விட்டு வெளியே போனது.

பிரிட்ஜ் துளை இல்லாத பாடி என்றால் இடத்தை இப்போதே குறியுங்கள். நட்டிலிருந்து 12ஆம் ஃப்ரெட்டின் உச்சி வரை உள்ள தூரம் எவ்வளவோ, அதே தூரம் 12ஆம் ஃப்ரெட்டிலிருந்து சாடிலுக்கு. மெல்லிய ஈ தந்தியின் சாடிலை அது நகரக்கூடிய முன் எல்லைக்கு அருகே கொண்டுவந்து, அந்தப் புள்ளியில் வையுங்கள். ஏன் முன் எல்லை? சுருதி சரியாக எல்லா சாடிலும் பின்னோக்கித்தான் போக வேண்டியிருக்கும், தடித்த தந்திக்கு இன்னும் அதிகமாக. நடுவில் வைத்துத் துளை போட்டவருக்குத் தடித்த ஈ தந்தியில் பின்னே இடம் தீர்ந்துவிடும்.

நெக் ஸ்க்ரூவின் துளைக்கு இரண்டு அளவுகள். பாடியில் உள்ள துளை, ஸ்க்ரூ தாராளமாக நழுவிச் செல்லும் அளவு இருக்க வேண்டும், வழக்கமான ஸ்க்ரூவுக்கு 4.5 மி.மீ. நெக்கில் உள்ளது மட்டுமே மரை பிடிக்கும் துளை, சுமார் 3 மி.மீ. இரண்டிலும் மரை பிடித்தால் எவ்வளவு முறுக்கினாலும் நெக்குக்கும் பாடிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி நின்றுவிடும். நெக்கைக் கிளாம்பில் பிடித்தபடியே, பாடித் துளை வழியாக 4.5 மி.மீ. பிட்டின் நுனியால் நெக்கில் நான்கு இடத்தைக் குறித்து, நெக்கை வெளியே எடுத்துத் துளையுங்கள்.

ஆழம்தான் ஆபத்து. பாடியின் தடிமனில் பாக்கெட் ஆழத்தைக் கழித்து, பின்தகட்டின் தடிமனைக் கூட்டி, அதை ஸ்க்ரூ நீளத்திலிருந்து கழியுங்கள். 45 மி.மீ. பாடி, 16 மி.மீ. பாக்கெட், 2 மி.மீ. தகடு, 45 மி.மீ. ஸ்க்ரூ என்றால் நெக்குக்குள் போவது 14 மி.மீ. நெக்கின் அடி சுமார் 25 மி.மீ. தடிமன் என்பதால் பாதுகாப்பு. பிட்டில் 15 மி.மீ. உயரத்தில் டேப் சுற்றி, டேப் மரத்தைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். விரல்பலகை வழியாக பிட் எட்டிப் பார்த்த கிட்டாரும் உலகில் உண்டு.

அப்புறம் ட்யூனர், பிரிட்ஜ், பிக்கார்ட், பெல்ட் பட்டன், ஜாக் (கேபிள் செருகும் இடம்) எல்லாவற்றுக்கும் துளை போடுங்கள். பிரிட்ஜ் அடியிலிருந்து எலெக்ட்ரானிக்ஸ் குழிக்கு எர்த் வயர் போக ஒரு மெல்லிய வழியும் இப்போதே. ட்ரெமலோ என்றால் ஸ்பிரிங் பிடிக்கும் தகட்டிலிருந்து. வர்ணத்துக்குப் பிறகு இது நினைவுக்கு வந்தால் வயிற்றைக் கலக்கும்.

இரண்டு ஓரத் தந்தியை மட்டும் மாட்டி லேசாக இழுத்துப் பாருங்கள். தந்தி நேராகப் போகிறதா, சாடில் உயரம் போதுமா என்று பார்த்து எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஸ்க்ரூக்களைப் பாகவாரியாகத் தனித்தனி உறையில் போட்டு எழுதி வையுங்கள்.

6. வர்ணம்

120, 220, 320 என்ற வரிசையில் உப்புத்தாள், மரவரியின் திசையிலேயே. குறுக்கே தேய்த்த கீறல் வெறும் மரத்தில் தெரியாது, வர்ணம் விழுந்ததும் எழுந்து நிற்கும். 220க்குப் பிறகு ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, எழும் நாரை மீண்டும் தேயுங்கள்.

முதல் முறைக்குத் துணியால் தடவும் எண்ணெயையே சொல்வேன். மெல்லிய பூச்சுகள், ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. ஸ்ப்ரே வர்ணத்தில் வழிதல், ஆரஞ்சுத் தோல் போன்ற புள்ளி, தூசி என்று ஒவ்வொரு தவறும் கண்ணுக்குத் தெரியும். அதுவும் லாக்கர் என்றால் முழுதாக இறுக வாரக்கணக்கில் ஆகும். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும் பாடியில் பிக்கார்டை இறுக்கினால் அச்சு விழுந்துவிடும்.

நெக் பாக்கெட்டின் உள்ளே டேப் ஒட்டி மறையுங்கள். பூச்சு ஏறினால் அங்கே அளவு குறைந்து, நெக்கை அழுத்தும்போது ஓரத்தில் வெடிப்பு விழும்.

எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காய்ந்து இறுகும் வகை எண்ணெய்கள் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துப் போட்டு, காய்ந்து விறைத்தபின் எறியுங்கள்.

7. ஷீல்டிங், வயரிங்

குழிகளின் உள்ளே செம்பு டேப் ஒட்டுங்கள். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும். டேப்பின் பசை மின்சாரம் கடத்தாத வகையாக இருந்தால் மூட்டுகளில் ஒரு சொட்டு ஈயம் வையுங்கள். மல்டிமீட்டரில் எந்த இரண்டு முனையைத் தொட்டாலும் 'பீப்' வர வேண்டும். இந்தச் செம்பு முழுவதும் எர்த்தோடு சேர வேண்டும், சேராத செம்பு வெறும் அலங்காரம்.

எளிதான சுற்று ஒரு ஹம்பக்கர், ஒரு வால்யூம், ஒரு ஜாக். பிக்கப்பின் ஹாட் வயர் (ஒலிக் குறியைக் கொண்டுவருவது) பாட்டின் ஓரக் காலுக்கு. நடுக்கால் ஜாக்கின் நுனிக்கு. மறு ஓரக் கால் பாட்டின் முதுகுக்கு. பிக்கப் எர்த், பிரிட்ஜ் எர்த், ஜாக்கின் உடல் எல்லாம் அதே முதுகுக்கு. குமிழைத் திருகும்போது சத்தம் தலைகீழாகக் கூடினால் ஓரக் கால்கள் இரண்டையும் மாற்றுங்கள்.

சாலிடரிங்கில் ஒரே விதி. அயர்னால் இணைப்பைச் சூடாக்குங்கள், ஈயத்தை அந்த இணைப்பில் வையுங்கள். அயர்ன் நுனியில் ஈயத்தை உருக்கி எடுத்துப் போய் ஒட்டினால் அது வெறும் பொட்டுபோல உட்கார்ந்து, பின்னாளில் விட்டுப்போகும். பாட்டின் முதுகில் ஈயம் பிடிக்காமல் உருண்டு ஓடும். முன்கூட்டியே உப்புத்தாளால் சுரண்டிவிட்டால் பிடிக்கும். 25 வாட் அயர்னோடு அங்கே போராடுபவர்கள் நெடுநேரம் வைத்துப் பாட்டின் உள்ளேயே வேகவைத்துவிடுகிறார்கள். அதிக வாட், குறைந்த நேரம்.

தந்தி மாட்டும் முன் சோதியுங்கள். ஜாக்கில் கேபிளைச் செருகி, மறுமுனையின் நுனிக்கும் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள், வால்யூம் முழுதாகத் திறந்திருக்கட்டும். சிங்கிள் காயில் என்றால் பொதுவாக 5 முதல் 7 கிலோ ஓம் வரும், ஹம்பக்கர் அதற்கும் மேலே. பூஜ்யம் என்றால் எங்கோ ஹாட் எர்த்தைத் தொடுகிறது. எண்ணே வரவில்லை என்றால் இணைப்பு விட்டிருக்கிறது. பிறகு ஆம்ப்பைக் குறைவாக வைத்து பிக்கப்பின் காந்த முனையைத் திருப்புளியால் மெல்லத் தட்டினால் 'டக்' என்று கேட்கும்.

8. கடைசியாகப் பூட்டுவது

ட்யூனர், பிரிட்ஜ், எலெக்ட்ரானிக்ஸ், கடைசியில் நெக். 22 ஃப்ரெட் நெக்கில் விரல்பலகை பிக்கார்டுக்கு மேல் நீண்டிருந்தால், நெக் இருக்கும்போது பிக்கார்ட் வெளியே வராது. வயரிங்கில் சந்தேகம் இருந்தால் அதை முன்பே தீர்த்துவிடுங்கள்.

நான்கு நெக் ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் நெக் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும்.

9. செட்டப்

இங்கும் வரிசை மாறக் கூடாது. ஒவ்வொரு படியும் அடுத்ததைப் பாதிக்கிறது.

நீங்கள் உண்மையில் வாசிக்கப்போகும் தந்தியை, வாசிக்கப்போகும் சுருதியில் வையுங்கள். பிறகு நெக்கின் வளைவு. தடித்த ஈ தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்தினால் 7 அல்லது 8ஆம் ஃப்ரெட்டில் 0.2 முதல் 0.25 மி.மீ. இடைவெளி வேண்டும். அதிகம் என்றால் ட்ரஸ் ராடை (நெக்கின் உள்ளே ஓடும் உலோகக் கம்பி) கடிகாரத் திசையில் கால் சுற்று. மறுபடி சுருதி சேர்த்து அளந்த பிறகே அடுத்த கால் சுற்று. இறுக்கமாக மறுத்தால் நிறுத்துங்கள். ராட் முறிந்தால் நெக்கே போச்சு.

அடுத்து நட். தந்தியை 2ஆம், 3ஆம் ஃப்ரெட்டுக்கு நடுவே அழுத்திப் பிடித்து முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பாருங்கள். மயிரிழை இடைவெளி இருந்தால் சரி. மலிவான நெக்குகளில் பள்ளம் ஆழம் போதாமல்தான் வரும். அதனால் முதல் மூன்று ஃப்ரெட்டில் கார்டு (பல தந்திகளைச் சேர்த்து அழுத்துவது) பிடித்தால் சுருதி ஏறிப்போகும், மக்கள் பாவம் பிரிட்ஜைத் திருகிக்கொண்டிருப்பார்கள். அரத்தால் ஒரு முறை இழுத்துவிட்டு ஒரு முறை பாருங்கள். ஆழம் அதிகமானால் புது நட்தான்.

பிறகு சாடில் உயரம். 17ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் 1.6 மி.மீ. நல்ல தொடக்கம். சாடிலை முழுதாக இறக்கியும் தந்தி உயரமாகவே இருந்தால் நெக்கைக் கழற்றி, பாக்கெட்டில் பிரிட்ஜ் பக்கத்து ஓரமாக ஒரு மெல்லிய மரச்சீவலையோ கெட்டி அட்டையையோ வையுங்கள். நெக் பின்னே சாய்ந்து தந்தி இறங்கும். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் 'கரகர' என்றால் அடுத்த ஃப்ரெட் உயர்ந்து நிற்கிறது என்று பொருள். மூன்று ஃப்ரெட்டைத் தொடும் நீளத்துக்கு ஒரு நேர் விளிம்பை வைத்தால் அது ஆடி, எது என்று காட்டிக்கொடுக்கும்.

இதற்கு அப்புறம்தான் இன்டோனேஷன், அதாவது ஃப்ரெட்களிலும் சுருதி சரியாக விழும்படி சாடிலை நகர்த்துவது. திறந்த தந்தியையும் 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்தியதையும் சுருதி காட்டும் கருவியில் பாருங்கள். அழுத்தியது கூடுதல் என்றால் சாடிலைப் பின்னே தள்ளுங்கள், குறைவு என்றால் முன்னே. தந்தி உயரத்தை மாற்றினால் இதுவும் மாறும், அதனால்தான் கடைசி.

பிக்கப் உயரம் காதைக் கொண்டு. கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து 2.5 மி.மீ. இடைவெளியில் தொடங்குங்கள். சிங்கிள் காயிலை மிக அருகே ஏற்றினால் காந்தம் தந்தியையே இழுத்து, மேல் ஃப்ரெட்களில் இரட்டைச் சுருதிபோல ஊளையிடும்.

10. ஏதோ சரியில்லை என்றால்

தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது என்றால் எர்த் வேலை செய்கிறது, வழக்கமான நிலை அதுதான். தொட்டால் கூடுகிறது என்றால் ஜாக்கில் நுனியும் உடலும் மாறிப்போயிருக்கும். தொட்டும் ஒன்றும் மாறவில்லை என்றால் பிரிட்ஜ் வயர் சேரவில்லை.

இரண்டு பிக்கப்பையும் சேர்த்தால் மட்டும் ஒலி ஒல்லியாகி மூக்கால் பேசுகிறதா? ஒன்றின் ஹாட்டையும் எர்த்தையும் மாற்றுங்கள். உலோக மூடி உள்ள பிக்கப்பாக இருந்தால் மூடிக்குப் போகும் எர்த்தை முதலில் தனியாகப் பிரித்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மூடியே ஆன்டெனா ஆகிவிடும்.

சுருதி நிற்கவில்லை என்று ட்யூனரை மாற்றும் முன் நட்டின் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேயுங்கள். ட்யூனர் தண்டில் தந்தி இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் வாசித்தபின் நெக் வளைவை மீண்டும் அளங்கள். புது நெக் தந்தியின் இழுப்புக்குப் பழக நாளாகும். முதல் நாள் சரியாக வைத்தது அப்போது கொஞ்சம் விலகியிருக்கும். 9ஆம் படியை முதலிலிருந்து ஒருமுறை செய்தால் போதும்.